நெல் மூடைகளுக்கு நடுவே ஒரு கிற்றார்

பழந்தமிழிசையில் யாழின் தந்தியைக் குறிக்க வழங்கிய சொல் ‘நரம்பு’ என்பதாகும். உடம்பினுள் ஓடுவதற்கும் யாழில் கட்டப்படுவதற்கும் ஒரே பெயரை இட்ட மொழியில், இன்று கிற்றார் வாசிப்போர் அனைவரும் ‘கம்பி’ என்றே சொல்கின்றனர். இந்தச் சொல்மாற்றத்தில் ஒரு நியாயம் உண்டு. யாழ் நரம்பு விலங்கின் உறுப்பிலிருந்து முறுக்கி எடுக்கப்பட்டது. மின்கிற்றாரின் கம்பியோ உருக்கினாலானது, உருக்காகவே இருந்தாக வேண்டியது, ஏனெனில் காந்தத்திற்கு வசப்படாத பொருள் எதுவும் அந்தக் கருவியில் பேசாது. உருக்கு என்பதால் அது துருப்பிடிக்கும். கிழக்கிலங்கையில், அம்பாறைக் கரையோரத்தின் உப்புக் காற்றில் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும்.

அவ்வாறு துருவேறிய ஆறு கம்பிகள், வளையமாகச் சுருட்டப்பட்டு, ஆலையடிவேம்பில் ஒரு வீட்டின் பழைய பிஸ்கற் ரின்னுக்குள் நான்கு ஒலிநாடாக் கசற்றுகளோடு கிடந்தன. ரின்னைத் திறந்தபோது எழுந்த மணம் துருவினுடையது மட்டுமன்று. அதனோடு நெல்லின் சுணையும் கலந்திருந்தது. சுணை என்பது நெல்மணியின் மேல்தோலில் உள்ள நுண்ணிய மயிர். மூடை தூக்குவோரின் கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் அரிப்பைத் தருவது. மின்கிற்றாருக்கும் நெற்சுணைக்கும் என்ன உறவு என்று வெளியூரார் கேட்கக்கூடும். இந்நினைவுகளை எழுதுபவருக்கோ அவ்விரண்டும் ஒரே அறையின் மணங்கள்.

ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் நிலவரைபடத்தில் இரண்டு பிரதேசங்கள். கால்நடையாகச் செல்வோருக்கு அவை ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் தெருக்கள். முன்னதில் தமிழரும் பின்னதில் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். வடக்கே கல்முனை வரை செல்லும் நெடுஞ்சாலையிலும் இதே நெசவுதான்: அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களைக் கடந்தால் காரைதீவு என்னும் தமிழூர் வரும், அதை அடுத்துச் சாய்ந்தமருது வரும். இரு சாராருக்கும் மொழி தமிழ். மேற்கே விரிந்த வயலும் கிழக்கே இரைகின்ற கடலும் பொது. எழுதுபவர் ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர். அவருடைய கிற்றாரைப் பதிவு செய்த நண்பர் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர். ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்று அழைத்தனர். கிழக்குக் கரையில் அந்த அழைப்புக்கு மதம் தடையாக இருந்ததில்லை. நண்பர் எழுதுபவரின் தாயை ‘அம்மா’ என்றார், எழுதுபவர் நண்பரின் தாயை ‘உம்மா’ என்றார், இரு வீட்டிலும் பிளேன்ரீயில் இஞ்சி ஒரே அளவில் தட்டிப் போடப்பட்டது.

இப்பகுதிக்கு மின்கிற்றார் வந்த வழி பலருக்கும் மறந்துவிட்டது. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழுவின் மூலம் சிங்கள மெல்லிசைக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தார்; வானொலிக்கு மொழி எல்லை இல்லாதபடியால் அந்த ஒலி கிழக்குக் கரையின் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. அதை அடுத்து ஈழத்தில் ‘பொப்பிசை’ என்ற பெயரில் ஒரு தமிழிசை வகை எழுந்தது. மேலைத்தேயத் துள்ளிசையின் தாளத்தையும், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இத்தீவில் ஊறிய பைலாவின் நடையையும், அன்றாடப் பேச்சுத்தமிழையும் சேர்த்துப் பாடப்பட்ட அந்த வகையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த அவர் அம்பாறையில் இருந்த ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றவர் என்பதை இம்மாவட்டத்து இளைஞர்கள் ஒருவகை உரிமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்டு, 2018இல் சென்னையில் மறைந்த ஏ.ஈ. மனோகரன் அந்த இசையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டு சென்றார். அவர்களுக்குப் பின்னால் ஊருக்கு ஊர் இசைக்குழுக்கள் தோன்றின. கோயில் திருவிழா மேடையில் லீட் கிற்றார், ரிதம் கிற்றார், பேஸ் கிற்றார், ஓர்கன், ட்ரம்ஸ் என்று வரிசையாக நின்று சினிமாப் பாடல்களை விடிய விடிய இசைத்தவர்களில் பெரும்பாலோர் பகலில் ஆசிரியர்களாகவும் கமக்காரர்களாகவும் மின்திருத்துநர்களாகவும் இருந்தனர். மேடையில் வாசித்தவர்கள் ஏராளம். வாசித்ததைப் பதிவு செய்து வைத்தவர்கள் மிகச் சிலர். இழப்பு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மின்கிற்றாரின் உடல் திண்மையான மரக்கட்டை. சாதாரணக் கிற்றாரைப் போல வயிற்றில் துளையும் வெற்றிடமும் அதற்கு இல்லை, ஆகவே தானாகப் பேசும் குரலும் இல்லை. கம்பிகளின் கீழே சிறு காந்தங்களும், அவற்றைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றாகச் சுற்றப்பட்ட சுருளும் உண்டு. இதனை ‘பிக்கப்’ என்பர். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, புலம் அசையும்போது செப்புச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த இந்தத் தூண்டல் விதியே ஊர் முனையில் ஓடும் ஜெனறேற்றரையும் இயக்குவது. மின்னோட்டம் ‘அம்ப்’ எனப்படும் பெருக்கியின் வழியே ஒலிபெருக்கிக்குச் சென்ற பின்னரே ஒலியாகிறது. சுருள் என்பது ஓர் அலைவாங்கியும்கூட. ஆகையால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் அது விடாமல் பிடித்துத் தரும். இதனைத் தீர்க்கவே கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரு சுருள்களைச் சேர்த்து, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி ஒரு பிக்கப்பை அமைத்தார். எழுதுபவரிடம் இருந்த மலிவுக் கிற்றாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதில் இருந்தது ஒற்றைச் சுருள். அறையில் குழல்விளக்கு எரிந்தால் கிற்றார் தேனீக்கூடு போல இரையும், எனவே பதிவுகள் யாவும் மண்ணெண்ணெய் விளக்கில் நடந்தன. மின்சாரம் இருக்கும் வீட்டில் மின்கருவியைப் பதிவு செய்வதற்காக அரிக்கன் லாம்பை ஏற்றி வைத்த காட்சி, எழுதுபவரின் பாட்டிக்குக் கடைசிவரை விளங்காத ஒன்றாகவே இருந்தது.

பதிவு நடந்த இடத்தை நண்பர்கள் இருவரும் ‘ஸ்ரூடியோ’ என்றே சொல்லிவந்தனர். வீட்டார் அதனை ‘நெல்லறை’ என்றனர். வீட்டின் பின்புறம், பெரும்போக அறுவடை முடிந்ததும் மூடைகளை அடுக்குவதற்கென்று கட்டப்பட்ட, ஒரு கதவும் உயரத்தில் ஒரு சிறு சாளரமும் உடைய அறை அது. ஒலிப்பதிவுக் கலையகம் ஒன்றுக்கு இன்றியமையாதது எதிரொலியை அடக்குதல். வெறும் சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்பி, பதிவைக் கிணற்றுக்குள் வாசித்ததுபோல ஆக்கிவிடும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தபோதிலும், மெல்லிய அட்டை உச்ச ஒலிகளை ஓரளவு குறைக்குமேயன்றிப் பேஸ் ஒலியின் நீண்ட அலைகளை ஒன்றும் செய்யாது. அவற்றைத் தடுக்கப் பருமனும் பாரமும் நுண்துளைகளும் உள்ள பொருள் வேண்டும். ஆளுயரத்துக்கு அடுக்கிய நெல் மூடை அந்த மூன்றையும் உடையது. சாக்கின் இழையும் அதனுள் இலட்சக்கணக்கான மணிகளுக்கு இடையே உள்ள காற்றும் ஒலியை வாங்கி விழுங்கிவிடும். கதவில் பன்பாய் தொங்கவிடப்பட்டது. பன் என்னும் நீர்ப்புல்லைக் காயவைத்துச் சாயமிட்டு இப்பகுதி முஸ்லிம் பெண்கள் பின்னும் பாய் அது, நண்பரின் உம்மா தந்தது. சாளரத்தை மருதமுனைக் கைத்தறித் துணி அடைத்தது.

இவ்வாறு அமைந்த கலையகத்திற்கு ஒரு தனித்தன்மை இருந்தது: அதன் ஒலி பருவத்திற்கேற்ப மாறியது. அறுவடை முடிந்து மூடைகள் கூரையைத் தொட நிற்கும் வாரங்களில் கிற்றார் செவியருகே முணுமுணுப்பதுபோல நெருங்கி ஒலித்தது. மூடைகள் ஒவ்வொன்றாக ஆலைக்குப் போகப் போக ஒலியில் வெளி கூடிக்கொண்டே வந்தது. விதைநெல் மட்டும் மூலையில் எஞ்சிய மாதங்களில் அறை முழுவதும் ஒலித்தது. எஞ்சியுள்ள நான்கு கசற்றுகளில் நாள் குறிக்கப்படவில்லை. ஆயினும் எது அறுவடைக் காலப் பதிவு, எது வயல் விதைத்த காலப் பதிவு என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட முடிகிறது.

பதிவுக் கருவி நண்பருக்குச் சொந்தமானது. அவருடைய காக்கா, அதாவது அண்ணன், வளைகுடா நாடொன்றில் பணியாற்றி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த நான்கு தடக் கசற் பதிவுக் கருவி அது. சாதாரணக் கசற்றின் நாடா நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுடையது. ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், மறுபக்கத்துக்கு இரண்டு தடம் என்பது அதன் வழமை. 1979இல் ரஸ்கம் நிறுவனம் வெளியிட்ட ‘போட்டாஸ்ரூடியோ’ அந்த நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தி, ஒரு தடத்தில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் வேறொன்றைப் பதியும் வசதியை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இத்தொழில்நுட்பம் பெரிய கலையகங்களின் உடைமை. கிற்றார் கலைஞரான லெஸ் போல் தன் வாசிப்பின் மேலேயே தன் வாசிப்பை அடுக்கடுக்காகப் பதிந்து 1951இல் வெளியிட்ட பாடலொன்று, ஒரு கிற்றார் பல கிற்றார்களாக ஒலிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது. சென்னைத் திரையிசையிலோ அதன்பின் நெடுங்காலம் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி, ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கும் முறையே நிலவியது. இளையராஜா தாமே கிற்றார் வாசித்து அத்துறைக்குள் வந்தவர். 1982இல் வெளியான ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிற்றார்ப் பகுதியை அறியாத இசைக்குழுக்காரர் கிழக்கில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். மேடையில் அப்பாடல் தொடங்கும்போது சனங்கள் பாடகரை விட்டுவிட்டுக் கிற்றார்க்காரரின் விரல்களைப் பார்த்தனர்.

நெல்லறையில் ஒரு பதிவு நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். அம்ப் நிலத்தில் வைக்கப்படாமல், நிலத்தின் அதிர்வு ஏறாதபடி ஒரு மூடையின் மேல் ஏற்றப்படும். அதன் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கி நிறுத்தப்படும். ஒலிபெருக்கியின் கூம்பில் நடுமையம் கூர்மையாகவும் விளிம்பு மங்கலாகவும் ஒலிப்பதால், ஒலிவாங்கியை ஒரு விரற்கடை நகர்த்தினாலே கிற்றாரின் குணம் மாறிவிடும். விரற்கடை என்பது ஒரு விரலின் அகலம். நண்பர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒலிவாங்கியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருக்க, எழுதுபவர் ஒரே சுரக்கட்டை, அதாவது ‘கோர்ட்’டை, அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். நண்பருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. சுரங்களின் பெயரும் தெரியாது. ஆனால் பள்ளிவாசலில் குர்ஆனைக் கிராஅத்தாக ஓதும் முறையைச் சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய செவி அது. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டாததும், நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன் மூச்சு விட்டதும் அதற்கு உடனே தெரிந்துவிடும்.

“மச்சான், இது வாசிச்சது. மறுகா ஒருக்கா கேட்டு வாசி” என்பார். வெளியூரார் பொருட்டு: ‘மறுகா’ என்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சில் ‘பிறகு’. அவர் சொன்னதன் பொருள் முதலில் எழுதுபவருக்குப் பிடிபடவில்லை. விரல்கள் கற்றதை ஒப்புவிக்கின்றன, செவி அதில் இல்லை என்பதே அந்தக் குற்றச்சாட்டு. முன்தடத்தில் பதிந்துள்ள றபான் தாளத்தையும் பாட்டையும் கேட்டு, அவற்றுக்குப் பதில் சொல்வதுபோல வாசிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பதினைந்து, இருபது முறை வாசித்தபின், ஒருமுறை அவர் “கிடக்கட்டும்” என்பார். நல்லது என்றோ அருமை என்றோ அவர் சொன்னதே இல்லை. அழிக்காமல் விடலாம் என்ற தீர்ப்பே அவரிடம் கிடைத்த அதியுயர் பாராட்டு, பெற்றவருக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

தடங்கள் நான்கே என்பதால், மூன்றில் பதிந்தவற்றைக் கலந்து நான்காவதற்கு மாற்றி, அந்த மூன்றையும் அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்த வேண்டியிருந்தது. இம்மாற்றத்திற்குப் பின் எதையும் தனியாகத் திருத்த இயலாது. நாடாவின் சீறலும் ஒவ்வொரு மாற்றத்திலும் கூடிக்கொண்டே போகும். எனவே ஒவ்வொரு கலப்பும் ஓர் உறுதிமொழி போன்றது. ரிதம் கிற்றாரை இருமுறை வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்கும் முறையை நண்பர் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து அறிந்துகொண்டார். ஒன்றையே பிரதி எடுத்து இரு பக்கமும் வைத்தால் போதாதா என்று எழுதுபவர் சோம்பலோடு கேட்டதுண்டு. போதாது. பிரதி எவ்விதத்திலும் மாறாதபடியால் செவி அதனை நடுவில் நிற்கும் ஒரே ஒலியாகவே கொள்ளும்; அதே மனிதன் அதே பகுதியை மீண்டும் வாசிக்கும்போது நேரும் சிறு சிறு பிசகுகளே ஒலிக்கு அகலம் தருபவை.

நெல்லறை ஒலித்தடுப்பு அறை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். அக்கரைப்பற்றுப் பள்ளிவாசல்களின் பாங்கும், ஆலையடிவேம்புக் கோயில்களின் மணியும், வயலிலிருந்து திரும்பும் உழவு இயந்திரமும் ஒலிவாங்கிக்குள் வந்துவிடும். ஆகவே தொழுகை நேரங்களை ஒட்டியே பதிவுகள் வகுக்கப்பட்டன. அஸர் பாங்கு தொடங்கும் முன்னரே நண்பர் ஹெட்போனைக் கழற்றிவிடுவார். தொழுதுவிட்டு மஃரிபுக்குள் திரும்பி வருவார். நோன்பு மாதத்தில் தறாவீஹ் தொழுகைக்குப் பிறகு தொடங்கிச் சஹர் நேரம் வரையிலான இரவே மிகத் தோதான காலம். ஊர் விழித்திருக்கும், ஆனால் வாகனம் ஓடாது. சஹருக்கு வீடு திரும்பும் நண்பருக்கு எழுதுபவரின் தாய் வாழைப்பழச் சீப்பொன்றைக் கட்டிக் கொடுப்பார். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் ஊருக்குச் செல்லும் சாலையில் சனம் திரளும் நாட்களிலும், கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் அரோகரா சொல்லிச் செல்லும் நாட்களிலும் கருவி மூடியே கிடந்தது. அந்த ஓய்வுகளை எவரும் விதிக்கவில்லை.

இருவரும் பதிந்தவற்றுள் அவர்கள் மிகுதியும் உழைத்தது ஒரு கவி மெட்டின் மேல். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வயலிலும் வீட்டிலும் வாய்மொழியாக வழங்கிய நாட்டார் பாடல்களுக்குக் ‘கவி’ என்பது பெயர். தனிமையும் ஏக்கமும் மிகுந்த அந்த மெட்டுகள், ஒரு சுரத்தில் நின்று அடுத்த சுரத்துக்கு வழுக்கியே செல்பவை. கிற்றாரின் கழுத்திலோ உலோகத் தடுப்புகள் அறையப்பட்டுள்ளன. ‘ஃபிரெற்’ எனப்படும் இவை சுரத்தானங்களைச் சரிசமமான பன்னிரண்டாகப் பங்கிட்டவை. ஒவ்வோர் அரைச்சுரமும் முன்னதைப்போல் 1.0595 மடங்கு அதிர்வுடையது. இப்பங்கீட்டில் இயற்கையான ஐந்தாம் சுரம், அதாவது பஞ்சமம், 1.5 மடங்காக இராமல் 1.4983 ஆகச் சற்றே சுருங்கும். சுருக்கம் அற்பமே, கவி மெட்டுக்கு அதனால் குறைவில்லை. குறைவு தருவது வழுக்கின்மை. அதைத் தீர்க்கக் கம்பியைத் தடுப்பின் மேலேயே குறுக்காக இழுத்து, அதன் இழுவிசையைக் கூட்டிச் சுரத்தை உயர்த்த வேண்டும். கர்நாடக இசையில் கமகம் என்பதை ஒத்த இந்த உத்தியைக் கிற்றார்க்காரர் ‘பெண்டிங்’ என்பர். மின்மன்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் கமகங்களை வாசித்துக் காட்டிய பின், தடுப்புள்ள கருவி நம் இசைக்கு உதவாது என்று எவரும் சொல்ல இயலாது.

கல்முனைக்குக் கம்பி வாங்கச் செல்லும் வழியில் காரைதீவைக் கடக்கும்போதெல்லாம் சுர அளவுகள் பற்றிய இப்பேச்சு எழுந்தது. 1892இல் அவ்வூரில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பையும் அவற்றின் நரம்புகளுக்குரிய சுர அளவுகளையும் கணிதத்தால் மீட்டெடுத்து எழுதிய ‘யாழ்நூல்’, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். யாழின் ஒலியைக் கேட்டவர் எவரும் உயிரோடு இல்லாத காலத்தில், நூல்களில் எஞ்சிய குறிப்புகளையும் எண்களையும் மட்டும் கொண்டு அவர் அந்தக் கருவியைத் தேடினார். அதை நண்பருக்கு விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “அப்ப ஒருத்தராவது அதப் பதிஞ்சு வெச்சிருந்தா?” இந்தக் கேள்விக்குப் பிறகே இருவரும் கசற்றுகளின் பின்பக்கப் பற்களை உடைக்கத் தொடங்கினர், அப்பற்களை உடைத்துவிட்டால் நாடாவின் மேல் தவறுதலாக வேறொன்று பதிய முடியாது.

மின்கிற்றாரைச் சிதைவொலியோடு, அதாவது பெருக்கியின் கொள்ளளவை மீறித் தள்ளிக் கரகரக்கச் செய்து வாசிக்கும்போது, மூன்றாம் சுரம் சேர்ந்த முழுச் சுரக்கட்டு கலங்கிப்போகும். ஆகையால் முதற்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்த இரட்டைச் சுரத்தையே றொக் இசையினர் வாசிப்பர். பழந்தமிழிசைப் பெயர்களால் சொன்னால் அது குரலும் இளியும். பொல்லடி எனும் கோலாட்டத்தின் நடையில் அந்தக் குரல்-இளியை வெட்டி வெட்டி வாசித்து, அதன்மேல் கவி மெட்டை லீட் கிற்றாரில் இழுத்துவிட்ட பதிவு ஒன்று ரின்னில் இருந்த கசற்றுகளில் உள்ளது. இருவரும் செய்தவற்றுள் அதுவே சிறந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கம்பிகள் அரிதான பொருள். ஒரு தொகுதி அறுந்தால் அடுத்தது கொழும்பிலிருந்து கல்முனைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆதலால் பழைய கம்பிகளைக் கழற்றி, கொதிநீரில் அவித்து, அழுக்கும் எண்ணெயும் நீங்கியதும் துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து மீண்டும் மாட்டினர். அவித்த கம்பி இரண்டு, மூன்று நாள் புதிதுபோல மினுங்கிப் பேசும், பிறகு முன்னிலும் மங்கும். எனவே கம்பியை அவித்த அன்றே பதிவு.

இரு சமூகங்களுக்கும் இடையே பகை மூண்ட காலங்களும் வந்தன. ஒரே தெருவின் இரு முனைகளும் இரு நாடுகள்போல ஆயின; நண்பர் வர இயலவில்லை, எழுதுபவர் போக இயலவில்லை. அந்த மாதங்களில் இரு பக்கமும் சென்றுவந்த மிகச் சிலரில், சைக்கிளில் மீன் விற்ற ஒருவரும் இருந்தார். எழுதுபவர் தனியே வாசித்துச் சாதாரண ரேப் ரெக்கோடரில் பதிந்த கசற்றைப் பொலித்தீன் பையில் இட்டு முடிந்து அவரிடம் கொடுப்பார். அது மீன்பெட்டியின் அடியில் கிடந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும். நான்கு, ஐந்து நாள் கழித்து அதே பை, உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தோடு திரும்பும். காகிதத்தில் நீண்ட செய்தி எதுவும் இராது. ‘இரண்டாவது இடத்தில் அவசரம்’ என்றோ, ‘பற்றி வீக், ஓட்டம் குறைந்திருக்கிறது’ என்றோ எழுதியிருக்கும். பின்னது மெய்யே: மின்கலம் சோர்ந்து நாடா நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாக ஓடினால், அவ்வேகத்தில் பதிந்த இசை நல்ல கருவியில் ஒலிக்கும்போது ஒரு முழு அரைச்சுரம் ஏறிவிடும். ஊர் எரிந்துகொண்டிருந்தபோது ஒருவர் உட்கார்ந்து அந்த அரைச்சுரத்தைக் கேட்டிருக்கிறார். அந்தத் துண்டுக் காகிதங்களில் ஒன்று மீன் வாடையோடு பல ஆண்டு பத்திரமாக இருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இங்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடற்கரைப் பக்கம் இருந்த நண்பரின் வீடு நின்றது, ஆனால் நீர் உள்ளே புகுந்து வெளியேறியபோது நான்கு தடக் கருவியையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கசற்றுகளையும் கொண்டுபோயிற்று. ஆட்களை இழந்தவர்கள் சூழ்ந்திருந்த வேளையில் அதை இழப்பென்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. பல ஆண்டுகள் அதுபற்றிப் பேசவுமில்லை. எழுதுபவரின் வீட்டில் இரவலாகக் கிடந்த நான்கு கசற்றுகள் மட்டும் தப்பின.

இன்று நெல் அறுவடை முடிந்த கையோடு வயலிலேயே விலைபோகிறது. வீட்டில் மூடை அடுக்குவோர் குறைந்துவிட்டனர். நெல்லறை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் மடிக்கணினியில் கிற்றாரை நேரே செருகி, அம்ப்பும் ஒலிவாங்கியும் இல்லாமல் நூறு வகை அம்ப்புகளின் ஒலியை மென்பொருளிலேயே பெறுகின்றனர். தடங்களுக்கு எல்லை இல்லை, சீறல் இல்லை, தவறினால் அந்தத் துளியை மட்டும் திருத்தலாம். இவை யாவும் நன்மைகளே. பிள்ளைகளின் கைத்திறனும் எழுதுபவரின் தலைமுறையினரதைவிட மேலானது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களில்கூட, மடிக்கணினியின் மின்கலத்தில் பாட்டை முடித்தவர்கள் அவர்கள். ஆனால் அவ்வறைகளில் பெரும்பாலும் ஒருவரே இருக்கிறார். வாசிப்பவரும் அவரே, கேட்பவரும் அவரே, “கிடக்கட்டும்” என்பவரும் அவரே. எழுதுபவரின் வாழ்நாள் அனுபவத்தில், தன் வாசிப்பைத் தானே தீர்ப்பது எவருக்கும் கடினம்; ஒன்றில் விரைவில் மன்னித்துவிடுகிறோம், அல்லது ஒருபோதும் மன்னிப்பதில்லை.

நண்பர் இப்போது கட்டாரில் வாழ்கிறார். கசற்றுகள் கிடைத்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டதும் அவர் முதலில் விசாரித்தது, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்பதே. பிடித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல, ஓடும் தலையை மதுசாரத்தால் துடைத்து, ஒவ்வொரு நாடாவையும் ஓடவிடாமல் முதலில் மறுமுனை வரை சுற்றி, மீண்டும் முன்முனைக்குச் சுற்றி, அதன்பின் கணினியோடு இணைத்து முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யப்பட்டது; மறுஓட்டத்தைத் தாங்கும் என்ற உறுதி பழைய நாடாவுக்கு இல்லை. மூன்று நாடாக்கள் ஓடின, ஒன்று நடுவில் அறுந்தது. பொல்லடி நடையில் வாசித்த அந்தப் பதிவு ஓடிய மூன்றில் இருந்தது. கடைசிச் சுரம் அடங்கும் இடத்தில் நண்பர் பொத்தானை அமர்த்தப் பிந்திவிட்டபடியால், கிற்றாரின் வால் ஒலிக்குப் பின்னால் தொலைவிலிருந்து, அவருடைய குரலும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது: “கிடக்கட்டும்.”

அம்பாறை, மட்டக்களப்புக் கரையோர வீடுகளில் இவ்வாறான கசற்றுகள் இன்னும் இருக்கும். திருவிழா மேடையில் பதிந்தவை, கலியாண வீட்டில் பதிந்தவை, உம்மாவோ அம்மம்மாவோ பாடிய கவி பதிந்தவை. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் காத்துவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் கசற் வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்ப்போம் என்று பழைய கருவியில் போட்டுவிட வேண்டாம். வெயில் படாத உலர்ந்த இடத்தில் சில நாள் வையுங்கள், கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், முதல் ஓட்டத்தையே பிரதி எடுங்கள். அடுத்த மாரிக்கு முன் செய்யுங்கள்.